இருபத்து மூன்று கிலோ

ஜெலுத்தோங் பழைய பேப்பர் கடையில்
பெட்டியை நிறுத்தோம். இருபத்தாறரை.
ஆ சேங் காசு வாங்கவில்லை.
எந்த ஊர் என்று மலாயில் கேட்டார்.
டனீடின் என்றேன். அவருக்குத் தெரியவில்லை,
போன மாதம்வரை எனக்கும்தான்.

நடைபாதையிலேயே திறந்தேன்.
சம்பல் போத்தல் வெளியே.
கல்வி உளவியல், தலையணை கனம், வெளியே.
அண்ணன் திணித்த மெகி பொட்டலங்களில்
இரண்டு மட்டும் உள்ளே.
சேலை ஒன்று. அங்கே யார் கட்டச் சொல்லப்போகிறார்கள்,
இருந்துவிட்டுப் போகட்டும்.

அடியில் மூன்றாம் ஆண்டு மல்லிகையின்
முப்பத்தோரு அட்டைகள்,
பயிற்றுப்பணியின் கடைசி நாளில் தந்தவை.
கவிலன் எழுதியிருக்கிறான்:
"டீச்சர், அங்க ரொம்ப பணியாம்.
ஸ்வெட்டர் போடுங்க."

பனி, கவிலன். இரண்டு சுழி.
பத்து வாரம் தொண்டை கட்டக் கட்டச் சொன்னேனே.
கை தன்னாலே சிவப்புப் பேனாவைத் தேடியது.

அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.
"சரியாத்தானே எழுதியிருக்கான்.
நீ என்ன, ஊர் சுத்தவா போறே?"

மூடியை மூன்றாம் முறை அழுத்தினோம்.
இருபத்து மூன்றே கால்.
ஆ சேங் முள்ளைத் தட்டிப் பார்த்தார்,
கால் கிலோ பரவாயில்லை என்றார்
விமானமே தன்னுடையது போல.