நிரை, நிரல்

பேரணாம்பட்டில் ஒரு ஷூ
ஒற்றை எண்ணோடு பிறப்பதில்லை.
லாட் பதினேழு, லைன் மூன்று,
சைஸ் முப்பத்தெட்டு, ஜோடி நூற்றுப் பன்னிரண்டு.
நாக்குக்கு அடியில் ஒட்டிய சீட்டில்
நான்கு எண்கள், நடுநடுவே காற்புள்ளி.
ஒன்றை மாற்றினால் வேறு ஷூ,
வேறு கால், வேறு ஊர்.
ஹாம்பர்க் என்கிறார் லாரி டிரைவர்.
யார் பார்த்தது.

நான் எம்.எஸ்சி. கணிதம், தபாலில்.
மெய்ப்பகுப்பாய்வில் அரியர், இரண்டு முறை.
அந்தப் புத்தகத்தில் ஒரே எழுத்தின் காலடியில்
இரண்டு மூன்று பொடி எழுத்துகள் தொங்கும்,
குடியாத்தம் பஸ்ஸின் படியில்
பையன்கள் தொங்குவதுபோல.
விழுந்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம்.
அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் திருப்பிவிடுவேன்.

இப்போது அதுவே வேலை.
நல்ல ஜோடி எத்தனை, கழித்த ஜோடி எத்தனை.
நல்லதை மொத்தத்தால் வகுத்து
தரம் என்று சுவரில் சாக்பீஸில் எழுத வேண்டும்.
கழித்ததை அப்படியே நிறுத்திவைத்து
நல்லதை மட்டும் ஓயாமல் ஓடவிட்டால்
ஒன்றை நெருங்கும்.
நல்லதை நிறுத்திவைத்துக்
கழித்ததை ஓடவிட்டால் பூஜ்ஜியம்.
இரண்டும் கைகோத்து ஒரே நடையில் போனால்
பாதி.

எல்லை என்றால் எங்களுக்குப்
பத்தலப்பல்லி செக்போஸ்ட்.
எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதே இடம், அதே கட்டை
(யானைக்கு மட்டும் அது கிடையாது).
இந்த எல்லை அப்படியில்லை.
எதை முதலில் ஓடவிட்டாய் என்று கேட்டுத்தான்
எங்கே நிற்கும் என்று சொல்லும்.
இம்தாத் சாரிடம் முதலில் ஓடுவது
எப்போதும் கழித்தது.

மாதக் கடைசி.
லைன்கள் நிரை, தேதிகள் நிரல்.
நிரை என்றால் மாட்டு மந்தையும்தான்.
சரிதான், தோலாகி உள்ளே வந்து சேர்ந்த மந்தை.
லைன் நோட்டுகளை வைத்து நிரை நிரையாகக் கூட்டினேன்:
ஏழாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு.
ஆபீஸ் தாளை வைத்து நிரல் நிரலாகக் கூட்டினேன்:
ஏழாயிரத்து நூற்று எழுபத்திரண்டு.
இன்னொரு முறை.
அதே நாற்பத்தாறு இடித்தது.

முடிவில்லாத பட்டியல் என்றால் மன்னித்திருப்பேன்.
அங்கே கூட்டும் வரிசை மாறினால்
விடையே மாறலாம், யாரையும் திட்ட முடியாது.
இது எட்டு லைன், இருபத்தாறு நாள்.
குறுக்கே போனாலும் நெடுக்கே போனாலும்
ஒரே எண்தான் வந்தாக வேண்டும்.
வரவில்லையென்றால் அது கணக்கில்லை,
ஆள்.

மூன்றாம் லைன் நோட்டு நிலோஃபருடையது.
நூலைப் பல்லால் கடித்தபடியே சொன்னாள்:
"பதினாலாம் தேதி வரச் சொன்னாங்களே,
கன்டெய்னர் அர்ஜன்ட்டுன்னு.
ஆறு பேர் வந்தோம்.
தெபோராள் கோயிலுக்குக்கூடப் போகல."

பதினான்கு, ஞாயிறு.
ஆபீஸ் தாளில் ஞாயிற்றுக்கு நிரல் கிடையாது.
இல்லாத நாளில் தைத்த நாற்பத்தாறு ஜோடி
சீட்டோடு, நான்கு எண்ணோடு
கப்பலேறிவிட்டன.
கூலிதான் எந்த எண்ணிலும் ஒட்டாமல்
இங்கேயே கிடக்கிறது.

"ரவுண்டா போட்டு முடிச்சிடும்மா" என்றார் இம்தாத் சார்,
சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே.

ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தேன்,
ஒன்றாம் தேதிக்கும் முன்னால், இடது ஓரத்தில்,
பைல் கோக்கும் ஓட்டைகளை ஒட்டி.
தலையில் பூஜ்ஜியம்.
அது இயல் எண்தானா என்பதில்
புத்தகங்களுக்குள்ளேயே ஒற்றுமையில்லை,
ஒன்று சேர்க்கும், ஒன்று சேர்க்காது.
சேரும் என்று கொண்டு
மூன்றாம் நிரை, பூஜ்ஜியம் நிரல்:
நாற்பத்தாறு.
பேனாவால்.

இது எந்தத் தேதி என்று நாளைக்குக் கேட்பார்.
வாசலில் வேன் ஹார்ன் அடிக்கிறது.
ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து
தெபோராள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்,
எனக்கு இடம் விட்டு.