மிச்சம்

காலை ஒன்பதேகாலுக்குக்
குப்பியைத் திறந்துவிட்டேன்.
ஒரு குப்பியில் ஆறு பேர்.
வந்தது ஒருவர்,
விசாவுக்குக் கடதாசி தேவைப்பட்ட றெஜினோல்ட்.
ஊசி ஏறும்போதும் போனில்தான் இருந்தார்.

போன வருசமும் இதே பள்ளிக்கூட மண்டபம்தான்.
விடிய நாலு மணிக்கே
கேற்றைத் தாண்டிச் சந்திவரை சனம்.
நம்பர் துண்டுக்குச் சண்டை.
ஒருவர் மூச்சுக்கு ஒருவர் பயந்தவர்கள்
முதுகோடு முதுகாய் நெருக்கி நின்றார்கள்.
இன்று அறுபது கதிரை போட்டிருக்கிறோம்.
காகம் ஒன்று
எதில் இருப்பதென்று யோசிக்கிறது.

திறந்த குப்பிக்கு ஆறு மணித்தியாலம்.
மூன்றேகாலுக்குப் பிறகு
வீசியது எத்தனை என்று எழுதவேண்டும்.
பக்கத்துக் கட்டத்தில் காரணம்.
என்ன எழுத?
மருந்துக்கு முந்தியே
பயம் தேய்ந்துபோனது என்றா?

குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு
குருநகர் மண்ணெண்ணெய் வரிசைக்கு நடந்தேன்.
கயிறு கோத்து, கல் வைத்து, பெயர் எழுதி
நூறு பிளாஸ்ரிக் கான்கள் வெயிலில்.
ஆட்கள் மதில் நிழலில்.
"மூண்டாவது ஊசி ஆர் போடேல்லை?"
"ரெண்டு போட்டாச்சு, காணும் தங்கச்சி.
உதை ஊத்தினால் எஞ்சின் ஓடுமோ?"
சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

சொன்னேன்:
ஆறு மாதத்தில் உடம்பு மறக்கத் தொடங்கும்.
முழுக்க இல்லை.
முகம் தெரியும், பெயர் வரச் சுணங்கும்.
அந்தச் சுணக்கத்துக்குள்
அது உள்ளே வந்து இருந்துவிடும்.

அருளப்பு எழும்பி வந்தார்.
சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார்.
லமினேற் செய்தது.
"கடலிலை நனையுமெண்டு செய்தனான்.
உதோட முடிஞ்சுதெண்டு நினைச்சன்."
மூன்றாவது கட்டம்
பிளாஸ்ரிக்குக்கு அடியில் வெள்ளையாய்க் கிடந்தது.
போன ஆவணியில் அவர் தமையனின் பெட்டியைத்
திறக்க விடவில்லை.
அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.
இருவரும் அட்டையையே பார்த்தோம்.

வலை வெட்டும் கத்தியால்
ஓரத்தைக் கீறித் தந்தார்.
திகதி எழுதினேன்.
மை கொஞ்சம் ஊறியது.
அவருக்குப் பின்னால் இன்னும் இருவர்,
"சும்மா நிக்கிற நேரந்தானே" என்று.
நான்காவது ஆள், பெயர் டியூக்சன்,
கையை மடித்துத் தோளைக் காட்டிக்கொண்டு
நின்றான்.

அப்போது ஹோர்ண் கேட்டது.
நிழல் முழுவதும் எழுந்து ஓடியது.
டியூக்சனும்,
மடித்த கை மடித்தபடியே.

மூன்றேகால்.
வீசியது: இரண்டு.
காரணம்: பவுசர் வந்தது.