வியாழக்கிழமைப் பட்டியல்

பெரியாஸ்பத்திரியில் கத்திக்கு விலை இல்லை என்கிறார்கள்.
இருக்கிறது.
நாள்களாக வாங்கிக்கொள்கிறோம்.
முழங்காலுக்குப் பதினெட்டு மாதம்,
குடலிறக்கத்துக்கு எட்டு.
ரசீது கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக் கட்டடத்தில்
அதே முழங்கால் முப்பத்திரண்டாயிரம் வெள்ளி,
வருகிற செவ்வாய்.
சில செவ்வாய்களில்
அதே டாக்டர்.

ஃபெரியில் வடம் பிடிக்கிற சக்காரியா
ஒரு கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டு
மறு கையால் கட்டிப் பார்த்தார்.
டிக்கெட் கூண்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.
ஓவர்டைம் மாதம் நானூறு போச்சு,
எட்டு மாதத்துக்குக் கணக்குப் போடுங்க மிஸ், என்றார்.
போட்டேன். மூவாயிரத்து இருநூறு.
அவ்வளவையும் முன்கூட்டியே கட்டிவிட்டார்.
எங்களுக்கு ஒரு காசு வந்து சேரவில்லை,
வேறு யாருக்கும்தான்.

மூன்றாம் தியேட்டரை மதியம் இரண்டுக்குப் பூட்டுகிறோம்.
கத்தி இருக்கிறது, மேசை இருக்கிறது.
தாதியர் இருவர் ரியாத்தில் இருக்கிறார்கள்.

போன ஜூனில் சனிக்கிழமையும் திறந்தோம்.
பதினெட்டு, பதினொன்றானது. கேக் வெட்டினார்கள்.
ஜூலையில், பட்டியலில் இல்லாத நூற்று நாற்பது பேர்
பழைய முழங்கால்களோடு புதிதாக வந்தார்கள்.
இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?
ஆயர் ஈத்தாமில், பிறையில், சுங்கை பக்காப்பில்,
தைலமும் கோலுமாக.
ஒன்றரை வருஷம் நிற்பதைவிட
நொண்டுவது மலிவு என்று இருந்துவிட்டவர்கள்.
விலை இறங்கியதும் கடைக்கு வந்திருக்கிறார்கள்.
ஆகஸ்டில் மறுபடி பதினான்கு.
கேக்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

நாற்பத்தோராம் எண், சதாசிவம்.
மகன்தான் எடுத்தான்.
"அப்பா தவறி மூணு வாரமாச்சுக்கா."
கோடு போட்டேன்.
கீழே இருந்த எல்லாரும் ஒரு படி ஏறினார்கள்.
மாத அறிக்கையில் ஒரே ஒரு கட்டம்தான்:
குறைந்தவர் எத்தனை.
தைத்து வீட்டுக்கு அனுப்பியவரும்
எரிக்கக் கொண்டுபோனவரும்
அதற்குள் ஒன்றாகவே இருக்கிறார்கள்.

வியாழன் பட்டியலில் எட்டுப் பேர்.
வருவது ஆறு.
ஒருவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கும்,
ஒருவர் கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருக்கும்.
விளக்கு எரியும், ஏர்கோன் ஓடும்,
மயக்க மருந்து டாக்டர் மூன்றாவது காப்பி குடிப்பார்.
புதுக் கட்டடம் கேட்டுக் கோப்பு மேலே போயிருக்கிறது.
நான் ஒரு தொலைபேசி கேட்டேன்.
கிடைக்க ஐந்து மாதம். அதற்கும் வரிசை.

இப்போது புதன் மாலை ஐந்தே கால்.
நாளைய ஆளுக்குக் காய்ச்சல், ஓர் இடம் காலி.
நாளைக் காலை ஏழு மணிக்கு வர முடியுமா,
பன்னிரண்டுக்கு மேல் தண்ணீர்கூட வேண்டாம்,
என்று மலாயில் கேட்கிறேன்.
மறுமுனையில் லிம் பீ ஹூன்.
வாணலியில் கரண்டி இடிக்கிற சத்தம் நிற்கிறது.
பதினாறு மாதம் வலியோடு காத்திருந்தவள்
ஓர் இரவுக்குத் தயாராய் இல்லை.
இறாலுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது,
கடையில் நிற்க ஆள் வேண்டும்,
யாரிடமோ ஹொக்கியனில் கத்துகிறாள்.
பத்து நிமிஷம் கொடு, என்கிறாள் என்னிடம்.

ஐந்தரைக்குள் ரத்த வங்கிக்குப் பெயர் சொல்ல வேண்டும்.
விரல் அடுத்த பெயரின் மேல் இருக்கிறது.
சக்காரியா.
அழுத்தவில்லை.
ஐந்து இருபத்திரண்டு.