பத்து தெத்ரி

எங்கள் கட்டடத்து லிஃப்ட் காசு போட்டால்தான் நகரும்.
பத்து தெத்ரி.
ஏறத்தான் காசு, இறங்குவது இலவசம்.
திபிலீசியில் யாரும் இதற்குச் சிரிப்பதில்லை.
எட்டாம் மாடிக்குக் குடிவந்து இருபத்தாறு வருடம்.
மொத்தம் எவ்வளவு போட்டிருப்பேன் என்று
ஓர் இரவு கணக்குப் பார்க்க உட்கார்ந்து
பாதியில் தூங்கிப்போனேன்.

டாக்டர் சியாலா என் கணுக்காலை அழுத்தினாள்.
விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.
அது மேலே வரும்வரை இருவரும் காத்திருந்தோம்,
வராத பஸ்ஸுக்கு நிற்பதைப் போல
ஒன்றும் பேசாமல்.
"நடக்க வேண்டும், மஃக்வாலா" என்றாள்.
பனிக்காலம் வருகிறது, எங்கே போய் நடப்பது என்றேன்.
"எத்தனையாவது மாடி?" என்றாள்.

அக்டோபர், செவ்வாய்க்கிழமை.
முதல் மாடிவரை நான் இளவரசி.
இரண்டில் பையைக் கை மாற்றினேன்.
மூன்றில், பிச்சிகோவின் கதவுக்குப் பின்னால்,
அவன் நாய் குர்ஷா
திருடன் திருடன் என்று ஊரைக் கூட்டியது.
நாலாம் மாடிப் படியில் உட்கார்ந்தேன்.
சிமெண்டின் குளிர் பாவாடை வழியாக ஏறியது
என்னைவிட வேகமாக.
ஐந்தில் லிஃப்ட்டைக் கூப்பிட்டேன். வந்தது.
காசு போட்டேன்.

புதன் போகவில்லை.
வியாழன் போனேன்.
வெள்ளி, பையில் முட்டைகோஸ் இருந்ததால் போகவில்லை.
(ஒரு முட்டைகோஸ். சின்னது.)

நவம்பரில் ஆறாம் மாடியைப் பார்த்தேன்.
ஐந்தாம் மாடியில் ஒரு பையன் பியானோ பழகுகிறான்.
ஒரே பாட்டு, ஒரே இடத்தில் தடுக்கி
முதலிலிருந்து தொடங்குவான்.
கைப்பிடிக் கம்பியைப் பற்றி மூச்சு வாங்கியபடி கேட்பேன்.
அவன் ஒருநாள் அந்த இடத்தைத் தாண்டிவிட்டால்
நானும் நிற்காமல் தாண்டிவிடுவேன் என்று
எனக்கு நானே ஒரு மூடநம்பிக்கை வைத்துக்கொண்டேன்.
அவன் இன்றுவரை தாண்டவில்லை.
நான் டிசம்பர் பதினொன்றாம் தேதி தாண்டினேன்.

மிச்சமான காசெல்லாம்
தயிர் வாங்கிய கண்ணாடி ஜாடியில்.

பிறகு பிப்ரவரி. காய்ச்சல், இருமல்,
அதற்கப்புறம் காய்ச்சலே இல்லாத இரண்டு வாரம்.
அந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.
ஜாடியில் சேர்த்ததையே எடுத்து லிஃப்ட்டுக்குப் போட்டேன்.
கதவு மூடும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை.
புதிதாய்த் தொடங்கும்போது
ஒரு பெருமையாவது இருந்தது;
மறுபடி தொடங்குவதற்கு வெட்கம் மட்டும்தான்.
அதே நாலாம் மாடி, அதே குளிர்ந்த படி.
யாரும் பார்க்கவில்லை.
அதுகூட ஒரு மாதிரி அவமானமாக இருந்தது.

நேற்று கீழே லமாரா நின்றிருந்தாள், ஏழாம் மாடிக்காரி.
பத்து கிலோ உருளைக்கிழங்கு, கையில் சில்லறை இல்லை.
இப்போதெல்லாம் என் சட்டைப் பையில் எப்போதும் காசு உண்டு.
போட்டுவிட்டேன்.
"நீ வரவில்லையா?"
இல்லை என்றேன்.
என் பையை மட்டும் அவளோடு ஏற்றி அனுப்பினேன்.
ஏமாற்றுதான். சியாலாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாம் மாடியில் நின்றேன்,
மூச்சுக்காக இல்லை.
என்னவோ குறைந்தது.
குர்ஷா குரைக்கவில்லை.
கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியில்
கறுப்பு மூக்கு ஒன்று என் செருப்பை முகர்ந்தது.
உள்ளே வால் மரத்தில் அடிக்கும் சத்தம்:
டொக், டொக், டொக்.
என்றைக்கு நிறுத்தியதோ, கவனிக்கவில்லை.

எடை அதேதான். ஏழில் இன்னும் இளைக்கிறது.
லமாராவின் வாசலில் என் பை சாய்ந்து கிடந்தது,
மேலே அவள் வைத்த மூன்று உருளைக்கிழங்கு.
அதையும் தூக்கிக்கொண்டு ஏறினேன்,
கனத்தது.