இடது முன் மட்கார்டு

ஏழு போல்ட்டில் நாலு சொன்ன பேச்சுக் கேட்டன.
ஒன்று தலை மழுங்கிச் சும்மா சுற்றியது.
இன்னொன்றை ஆக்ஸா பிளேடால் அறுத்தோம்.
கடைசி ஒன்றுக்கு
டீசலும் பிரேக் ஆயிலும் ஊற்றி ராத்திரி ஊறவிட்டு
காலையில் வந்து பார்த்தால்
சம்பந்தி வீட்டுக் கோபம் மாதிரி
அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

"அவசரப்பட்டா ஒடஞ்சுருமுங்க" என்றார் அமல்தாஸ்,
ப்ளோ லேம்ப்புக்குப் பம்ப் அடித்துக்கொண்டே.
வெள்ளக்கோவில் கரூர் ரோட்டில்
முருங்கைக்காய் டெம்போ ஒன்று
ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு போனது.

லேண்ட்மாஸ்டர். ஐம்பத்தேழு மாடல்.
பாகம் பிரித்தபோது
அண்ணனுக்குக் கிணற்றோடு நாலு ஏக்கர்,
எனக்கு ஊர் வீடும் இந்த வண்டியும்.
"ஒரு பொட்டுத் துரு இருக்காது,
அப்பன் அடியில தார் அடிச்சு வெச்சிருக்குது" என்றான்.

தார் நிஜம்தான். கால் இஞ்சு கனம்.
ஆனால் தாருக்கும் தகட்டுக்கும் நடுவே
எங்கோ ஒரு மயிரிழை விட்டிருக்கிறது.
அதில் இறங்கிய தண்ணீர் திரும்பி வர வழி தெரியாமல்
அங்கேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது.
மேலே கறுப்பு, வழவழப்பு.
விரலால் அழுத்தினால் இரும்பு
அப்பளமாக நொறுங்குகிறது.

மட்கார்டு கழன்றதும்
ஒரு படி மண் காலில் கொட்டியது.
வேலம் விதைகள், எலி கடித்த கோணிச்சாக்கு நூல்.
உள்தகட்டில் லேம்ப்பைக் காட்டக் காட்ட
தார் வெல்லப்பாகாக இளகி வழிந்தது.
நான் பட்டித் தகட்டால் சுரண்டினேன்.

"இங்கொரு ஒட்டுப் போட்டிருக்காங்க பாருங்க."

நாலு ரிவிட்டு. உள்ளங்கை அகலம்.
கம்பி பிரஷ் போட்டதும் மஞ்சள் தெரிந்தது,
பித்தளை.
பிறகு எழுத்து: அஞ்சு எச்.பி.
பிறகு எண்.

"மோட்டார் பிளேட்டுங்க. கெட்டித் தகடு.
கெடச்சதெ வெச்சு ஒட்டியிருக்காங்க."

அந்த எண்ணைப் படிக்க எனக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை.
பதினாலு வயதில் ஒருமுறை எழுதியிருக்கிறேன்,
மூலனூர் ஸ்டேஷனுக்கு, வெள்ளைத்தாளில்,
வீட்டிலேயே என் கையெழுத்துத்தான் நன்றாக இருக்கும் என்பதால்.
மேற்படி மோட்டார், மேற்படி எண்,
மேற்படி தேதி இரவு என்று
அப்பா சொல்லிக்கொண்டே போனார்.
சந்தேகத்துக்கு 'க'வா 'ஹ'வா என்று கேட்டேன்.
'க' என்றார்.
மாரப்பன் பெயரை யாரையும் கேட்காமல்
பிழையில்லாமல் எழுதினேன்.

மூன்று நாள் வைத்திருந்தார்கள்.
நாலாம் நாள் வந்தவன் தண்ணீர் கட்ட வரவில்லை.
தாராபுரம் பக்கம் என்றார்கள்,
அப்புறம் பல்லடத்தில் ஒரு கோழிப்பண்ணை என்றார்கள்,
அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம்.
பந்தல் பெரிது.

மோட்டாரை விற்றவருக்கு
பலகையை வீச மனசு வரவில்லை போலிருக்கிறது.
பித்தளை ஆயிற்றே.

"அறுத்தெறிஞ்சுட்டு பதினெட்டு கேஜ் வெச்சுரலாமுங்க.
மேல எப்பாக்ஸி, அதுக்கு மேல ரப்பர் கோட்டிங்.
அப்பறம் முப்பது வருசத்துக்கு
உள்ள என்ன இருக்குதுன்னே தெரியாதுங்க."
அமல்தாஸ் கிரைண்டரை எடுத்தார்.

"கிரைண்டர் வேண்டாம். ரிவிட்டை டிரில் போட்டு எடுங்க.
எண்ணு மேல கீறல் விழக்கூடாது."
என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
டிரில்லைத் தேடப் போனார்.

தார்க் கையோடு போனை எடுத்தேன்.
நாலாவது மணியில் அண்ணன் எடுத்தான்.
"என்னடா, வண்டி எப்படி?"
"மட்கார்டக் கழட்டிட்டோம்."

அந்தப் பக்கம்
ரொம்ப நேரம்
தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.