அரை வாக்கியம்

பாபு ராவ் தெருவில் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், டைப்பிங்,
வங்காளத்திலும் எழுதிவைத்த விலைப்பலகை.
அங்கேதான் வந்தார் எஸ்ரா தல்கர்,
இடது கண்ணில் பஞ்சு, வலது கண்ணில் பாதி வெளிச்சம்.
ஆரணி ரோட்டுக் கண்ணாஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள்,
அதற்குள் நாவலை முடிக்கணும்,
நான் சொல்லச் சொல்ல அடிப்பீர்களா, பக்கம் எவ்வளவு?

இருபது என்றேன். பேரம் பேசவில்லை.
ஆனால் ஒரு கமாவை வைக்கலாமா என்று
கால் மணி நேரம் யோசித்தார்.

கூடவே ஃப்ளோரா. லாட்ஜில் எதிர் அறை,
தம்பிக்கு டயாலிசிஸ்.
அந்த அம்மாவும் யூதர், அவரும் நாவல் எழுதுகிறவர்.
பம்பாயில் இருபது வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து
வேலூர் வெயிலில்
என் ஒற்றை மின்விசிறிக்கடியில் மாட்டிக்கொண்டவர்கள்.

"சொந்தக்காரர்களை எழுதக்கூடாது.
ஒருமுறை பட்டது போதாதா அவர்களுக்கு?"
இது அவர்.
"மழை வெயிலை மட்டும் கற்பனை செய்,
மற்றதெல்லாம் சித்தி வீட்டில் இருக்கிறது."
இது அம்மா, தம்பியின் ரிப்போர்ட்டால் விசிறிக்கொண்டே.
வேகத்தில் இதையும் சேர்த்து அடித்துவிட்டேன்.
பன்னிரண்டாம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

நான்காம் அத்தியாயத்தில் செத்த வைத்தியர்
ஒன்பதில் டீ குடிக்கிறாரே சார், என்றேன்.
வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு
"சர்க்கரை போட்டா?" என்று கேட்டார்.
பிறகு திருத்தினார்,
ஒன்பதை அல்ல, நான்கை.

அவர்கள் எழுத்தை ஒருநாள் பில் புத்தகத்தின் பின்னால்
தடவித் தடவி எழுதிக் காட்டினார், வலமிருந்து இடம்.
மெய் மட்டும்தான் எழுதுவார்களாம்.
உயிரைப் படிக்கிறவர் போட்டுக்கொள்ள வேண்டும்.
உருதுவும் அப்படித்தான் என்றான் ரீசார்ஜ் கடை இம்தியாஸ்.
க், ச், ட் என்று
கடை மூடும்வரை சொல்லிப் பார்த்தேன்,
மூச்சு எங்கேயும் போய்ச் சேரவில்லை.

வெள்ளிக்கிழமை, கோட்டை அகழிமேல் வெயில் சாய்கையில்,
"அவள் கதவைத் திறந்தபோது"
என்றார். நிறுத்தினார். கைத்தடியைத் தேடினார்.
இனி நாளை ராத்திரி,
மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகுதான்.

சனிக்கிழமை முழுக்கக் கர்சர் அந்த இடத்திலேயே துடித்தது.
ஒடிசாக்காரரின் ஸ்கேனை நகலெடுக்கையில்
கதவுக்கு வெளியே கடன்காரன்.
தயிர்சாதம் சாப்பிடுகையில் ஓடிப்போன மகள்.
மூன்று மணிக்குக் கரண்ட் போனபோது
யாருமே இல்லை, கதவும் இல்லை.

லாட்ஜ் மொட்டைமாடியில் நட்சத்திரம் எண்ணினோம்.
இரண்டாவது செல்போன் டவர் விளக்கு என்று
ஃப்ளோரா தள்ளுபடி செய்ததில் பத்து நிமிஷம் தாமதம்.
"யார் நின்றார்கள்?" என்று கேட்டார் எஸ்ரா,
என்னைத்தான்.
சொன்னேன்.
"அது உங்கள் கதவு" என்றார்.
"நீங்கள் எழுதாவிட்டால் நான் எடுத்துக்கொள்வேன்" என்றார் அம்மா,
விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

இறங்கி வந்து அவர் சொன்னது:
அவள் கதவைத் திறந்தபோது
யார் வீட்டிலோ வெங்காயம் தீய்ந்துகொண்டிருந்தது.
அவ்வளவுதான். முற்றுப்புள்ளி.
ஒருநாள் முழுக்க ஆட்களை வாசலில் நிறுத்திவைத்திருந்தேன்,
எனக்குக் கோபம் வந்தது.

கெட்டுப்போன தாள்களைக் கிழிக்க விடமாட்டார்.
எதிலாவது கடவுள் பெயர் வந்திருக்கும், புதைக்கணும் என்று
தலையணை உறையில் சேர்த்தார்.
பாலாற்றில் புதைக்கலாமா? தண்ணீர்தான் இல்லையே.
மணல் லாரிக்காரன் தோண்டிவிடுவான் சார், என்றேன்.
"அப்போது காட்பாடியில்
எவன் வீட்டுச் சுவரிலோ உன் பெயரடைகளைப் பூசியிருப்பார்கள்"
என்று சிரித்தார் ஃப்ளோரா.
"அங்கேயாவது தாங்கட்டும்."

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்.
உறை என் மேஜைக்கடியில்தான் கிடக்கிறது.
நேற்று ஒரு நகல் கறுப்பாக விழுந்தது,
யாருடைய பித்தப்பையோ.
கசக்கப் போனவள்
அதையும் உள்ளே போட்டுவைத்தேன்.