பசியாறல்

பினாங்கில் எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு நாள்.
அதற்கு முன் நான்கு நாள் கணக்குத் தணிக்கை,
குளிரூட்டிய அறை, விடுதியின் முட்டை, ரொட்டி.
நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்றால்
வரவேற்பறைப் பையன் ஒரு பேரங்காடியின் பெயரைச் சொல்கிறான்.
நான்காம் மாடியாம்.

எனக்கென்று ஒரு வழி உண்டு:
கழுத்தில் துண்டோடு வியர்த்து வருகிறவர்கள்
எங்கே உட்காருகிறார்களோ, அங்கே உட்கார்வது.
முதலில் அவர்கள் வியர்க்கும் இடம் தெரியவேண்டும்.

விடிய இன்னும் அரைமணி.
தண்ணீர்மலைப் பக்கம், காட்டுப்பாதை தொடங்கும் இடம்.
இறக்கிவிட்ட கார் போய்விட்டது.
குரங்குகள்கூட எழுந்திருக்கவில்லை.
குடையை ஊன்றிக்கொண்டு வந்த ஒருத்தி
என் சுடிதாரையும் செருப்பையும் பார்த்து நின்று
"பசியாறியாச்சா?" என்றாள்.

சாப்பிட்டாயா என்று ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள்.
பசி ஆறிவிட்டதா என்று ஒருவரும் கேட்டதில்லை.
காப்பி ஆறும், காயம் ஆறும்,
நாற்பத்தேழு வயதில்
ஆறாத ஒன்றிரண்டு சட்டென்று நினைவு வர
"இல்லைங்க" என்றேன்.
சிரித்தாள். "காலைச் சாப்பாட்டைச் சொன்னேன்.
ஏறி எறங்கிட்டுப் பசியாறலாம், வாங்க."
பெயர் குணமேரி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள்.

முதல் படியருகே தண்ணீர்ப் புட்டிகள்,
ஒன்றரை லிட்டர், ஐம்பது இருக்கும்.
மூன்று மொழிகளில் ஒரு பலகை.
நம் மொழியில் ஒரு புள்ளி குறைவு:
'மேலே ஒன்று எடுத்துச செல்லவும்.'

அவள் மூன்று எடுத்தாள். நான் ஒன்று.
முதல் வளைவில் அது கையில் இருந்தது.
இரண்டாவதில் இடுப்பில், குடம் மாதிரி.
மூன்றாவதில் தோளில்.
நான்காவதில்
ஒரு மரத்தடியில் வைத்துவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும் என்று
தணிக்கை செய்கிறவளுக்கே தோன்றியது.

ஐந்தாவது வளைவில் தகரக் கொட்டகை.
பனியன் போட்ட தியோ என்ற சீனர்
என் முகத்தைப் பார்க்காமல் புட்டியை வாங்கி
வரிசையின் கடைசியில் வைத்தார்.
பாலில்லாத தேநீர், உப்பு பிஸ்கட்டு.
நான் குடித்தது நேற்று யாரோ சுமந்தது.
என்னுடையது நாளைக்கு.

லக்சா எங்கே நன்றாயிருக்கும் என்று கேட்டது என் தப்பு.
கொட்டகை இரண்டாகிவிட்டது.
ஆயர் ஈத்தாம் என்றார் ஒருவர்.
அவன் மீனைக் குறைத்து வருஷமாச்சு என்றார் இன்னொருவர்.
மலாயில் பாதி, ஹொக்கியனில் பாதி,
நடுவில் குணமேரியின் ஓர் 'ஐயோ'.
வழக்கு தீரவில்லை. இறங்கினோம்.

அவர்கள் சொன்ன எந்தக் கடைக்கும் போகவில்லை.
பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.
கண்ணில் பட்ட தார்ப்பாய்க்குள் ஓடினோம்.
அங்கே ஒரு பெண்
நான்கு நாற்காலி, ஒரே ஒரு பானையோடு இருந்தாள்.
முழங்கால் மேசைக்கடியில் தானாக ஆடிக்கொண்டிருக்க
கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தேன்.
புளி தெரிந்தது. மீன் தெரிந்தது.
கரண்டியில் ஒட்டியிருந்த கறுப்பு இறால் விழுது
கொஞ்சம் பயமுறுத்தி, பிறகு தெரிந்தது.
இளஞ்சிவப்பாய் நறுக்கிப் போட்ட அந்தப் பூ மட்டும்
யாரென்று தெரியவில்லை.
"புங்கா காந்தான்" என்றாள் குணமேரி.
தமிழில்?
"தமிழ்ல நாங்க அதைச் சாப்பிடத்தான் செய்வோம்."

மறுநாள் விமானம் மதியம்தான்.
விடிகாலை இன்னொரு முறை ஏறலாமென்று
இரவே ஒரு புட்டி வாங்கி வைத்திருந்தேன்.
கால் கட்டிலைவிட்டு இறங்கச் சம்மதிக்கவில்லை.

விமான நிலையத்தில்
பையைத் திறந்த பணியாளர் புட்டியைத் தூக்கிக் காட்டி
குப்பைத்தொட்டியைக் காட்டினார்.
ஒரு நிமிஷம் என்று விரலால் சொல்லிவிட்டு
வரிசைக்கு வெளியே நின்று
முழுவதையும் குடித்தேன்.
ஒன்றரை லிட்டர்.
ஐந்தாவது வளைவுக்குப் போயிருக்கவேண்டியது.